சுவரோவியரின் நாவல்கள்: அலஸ்டர் கிரே ஓர் அறிமுகம்

1983இல் எடின்பரோவின் கேனன்கேட் பதிப்பகம் வெளியிட்ட ஒரு சிறுகதைத் தொகுப்பினுள் சிறிய துண்டுச் சீட்டு ஒன்று செருகப்பட்டிருந்தது. அச்சுப் பிழைகளைச் சுட்டிக்காட்டப் பதிப்பகங்கள் வைக்கும் பிழைதிருத்தச் சீட்டைப் போலவே இருந்தது அது. அதில் இருந்த செய்தி ஒன்றே ஒன்று: இந்தப் பிழைதிருத்தச் சீட்டு இப்புத்தகத்தில் தவறுதலாக வைக்கப்பட்டுவிட்டது.

தொகுப்பின் பெயர் ‘அன்லைக்லி ஸ்டோரீஸ், மோஸ்ட்லி’. எழுதியவர் ஸ்காட்லாந்தின் அலஸ்டர் கிரே. அட்டையை வரைந்தவரும் அவரே. உள்ளே இருக்கும் படங்கள், பக்க வடிவமைப்பு எல்லாம் அவர் கைவேலைதான். மற்ற எழுத்தாளர்கள் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கிரேயின் வேலையில் பாதி அங்கேதான் தொடங்கும். அட்டை, பொருளடக்கம், அடிக்குறிப்பு, பின்னட்டை வாசகம், ஏன், அந்தத் துண்டுச் சீட்டு வரைக்கும் எல்லாமே அவருக்குக் கதை சொல்லும் இடங்கள்.

எழுதவும் தெரிந்த ஓவியர் என்றோ வரையவும் தெரிந்த எழுத்தாளர் என்றோ அவரைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குறைபட்டுவிடும். அவர் கல்லூரியில் முறையாகப் படித்தது சுவரோவியம். ஒரு பெரிய சுவரை எப்படி நிரப்புவது, பார்ப்பவரின் கண்ணை எங்கே நுழையவிட்டு எங்கே நிறுத்துவது என்று யோசித்துப் பழகியவர் நாவல் எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியோடு உள்ளே போனால், முதலில் குழப்பமாகத் தெரியும் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும்.

கிரே 1934 டிசம்பர் 28 அன்று கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியான ரிட்ரியில் பிறந்தார். அப்பா முதல் உலகப் போரில் காயம்பட்டவர். அட்டைப் பெட்டி செய்யும் ஆலையில் இயந்திரத் தொழிலாளி. மலையேற்றத்தில் பிரியமுள்ளவர், சோஷலிஸ்ட். அம்மா துணிக் கிடங்கில் வேலை பார்த்தவர். நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பு, நடந்து போகும் தூரத்தில் பொது நூலகம், கல்விக்கு அரசு உதவித்தொகை. அன்றைய பிரிட்டனின் மக்கள்நல அரசு தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவருக்குக் கொடுக்க முடிந்தவை இவை. அவற்றின் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவருடைய அரசியலும் அங்கிருந்துதான் வந்தது.

சிறுவயதிலேயே ஆஸ்துமாவும் தோல் அரிப்பு நோயும் ஒட்டிக்கொண்டன. 1952இல் அம்மா இறந்தார். அதே ஆண்டு கிரே கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1957இல் படிப்பு முடிந்ததும் பயண உதவித்தொகை கிடைத்தது. ஸ்பெயினுக்குப் போய் ஓவியங்களைப் பார்த்துவர வேண்டும் என்பது திட்டம். போகும் வழியிலேயே ஆஸ்துமா கடுமையாகித் தாக்க, ஜிப்ரால்டரில் மருத்துவமனைப் படுக்கையில் விழுந்தார். கையிலிருந்த பணமும் திருடுபோனது. உதவித்தொகை கொடுத்த அறங்காவலர்களுக்கு இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை பின்னாளில் நூலிலேயே அச்சானது. தன் தோல்வியை நகைச்சுவையாகச் சொல்வதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு.

கல்லூரியை விட்டு வந்த பிறகு கிளாஸ்கோவின் பிரிட்ஜ்டன் பகுதியில் இருந்த கிரீன்ஹெட் தேவாலயத்தில் உலகப் படைப்பின் ஏழு நாள்களைச் சுவரோவியமாகத் தீட்டினார். கூலி கிடையாது. பல ஆண்டுகள் உழைத்து 1960களின் தொடக்கத்தில் முடித்தார். 1970களில் தேவாலயம் இடிக்கப்பட்டது. ஓவியமும் சுவரோடு போனது. சுவரோவியர்களுக்கு இது புதிய அனுபவமன்று. கட்டடத்தின் ஆயுள்தான் ஓவியத்தின் ஆயுள். ஆனால் அந்த ஓவியம் வேறொரு வழியில் தப்பித்தது. அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலின் கதாநாயகனும் ஒரு தேவாலயத்தில் படைப்பின் கதையைச் சுவரில் தீட்டுகிறான். அவனால் வேலையை முடிக்க முடியவில்லை, மாற்றிக்கொண்டே இருக்கிறான். அவனுடைய தேவாலயத்துக்கும் இடிப்பு காத்திருக்கிறது.

அந்த நாவல்தான் ‘லானார்க்’. 1954இல், மாணவராக இருக்கும்போதே தொடங்கியது. வெளிவந்தது 1981 பிப்ரவரி 25 அன்று. அப்போது கிரேக்கு வயது 46. இடையே பள்ளி ஆசிரியராகவும் நாடக அரங்குகளுக்குக் காட்சித்திரை தீட்டுபவராகவும் வேலை பார்த்தார். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாடகங்கள் எழுதினார். 1964இல் பிபிசி அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தது. அது அவரை ஏறத்தாழ காலமாகிவிட்ட கலைஞராகவே காட்டியது. முப்பது வயதுகூட நிரம்பாதவருக்கு!

‘லானார்க்’ நான்கு பாகங்கள் கொண்டது. கையில் எடுத்தவுடன் மூன்றாம் பாகம் வரும். பிறகு முன்னுரை. அதன் பின் முதல் பாகம், இரண்டாம் பாகம், கடைசியில் நான்காம் பாகம். பின்னுரை நூலின் முடிவில் இல்லை. முடிவுக்குச் சில அத்தியாயங்கள் முன்பே வந்துவிடுகிறது. கேட்கும்போது வீண் சாமர்த்தியம் போலத் தோன்றும். படித்தால் அப்படித் தோன்றாது.

மூன்றாம் பாகம் அன்தாங்க் என்ற நகரத்தில் தொடங்குகிறது. அங்கே சூரியன் ஏறத்தாழ உதிப்பதே இல்லை. கடந்த காலம் நினைவில்லாத ஓர் இளைஞன் ரயிலில் வந்து இறங்குகிறான். ரயில்பெட்டியில் மாட்டியிருந்த புகைப்படத்தின் கீழே இருந்த ஊர்ப்பெயரைத் தன் பெயராக வைத்துக்கொள்கிறான்: லானார்க். நகரத்து மக்களை விசித்திர நோய்கள் பிடிக்கின்றன. லானார்க்கின் கையில் தோல் கெட்டியாகி, டிராகனின் செதிலாக மாறிப் பரவுகிறது. பாசத்தை வெளிக்காட்டாமல் உள்ளேயே இறுக்கி வைத்திருப்பவர்களுக்கு வரும் நோய் அது. நிலத்தடியில் ஒரு பெரிய மருத்துவ நிறுவனம் இருக்கிறது. குணமடையாத நோயாளிகள் அங்கே எரிபொருளாகவும் உணவாகவும் மாற்றப்படுகிறார்கள். நிர்வாகம் திறமையாக நடக்கிறது, ஊழியர்கள் கனிவானவர்கள், எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் சொல்லப்படுகிறது. பயமுறுத்துவது அந்தக் கனிவுதான்.

தான் யார் என்று லானார்க் கேட்க, ஒரு குரல் அவனுக்கு டங்கன் தோ என்பவனின் கதையைச் சொல்கிறது. முதலிரண்டு பாகங்கள் அந்தக் கதைதான். இங்கே டிராகனும் இல்லை, இருட்டு நகரமும் இல்லை. 1940களின், 50களின் கிளாஸ்கோ, ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் சிறுவன், தாயின் மரணம், ஓவியக் கல்லூரி, நிறைவேறாத காதல், தேவாலயச் சுவர். கிரேயின் சொந்த வாழ்க்கைக்கு மிக நெருக்கமான, துல்லியமான யதார்த்த நாவல். ஆனால் டங்கனின் கதை கடலில் முடிகிறது. கிரேயின் கதை தொடர்ந்தது. நான்காம் பாகத்தில் மீண்டும் அன்தாங்க், மீண்டும் லானார்க்.

வாசகர் முதலில் நரகத்தைப் பார்க்கிறார். பிறகுதான் அந்த நரகம் எந்த ஊரிலிருந்து, எந்த மனிதனிடமிருந்து உண்டானது என்று தெரிந்துகொள்கிறார். டங்கனின் கிளாஸ்கோவை முதலில் படித்திருந்தால் அது இன்னுமொரு தொழிலாளர் குடும்பக் கதையாகக் கடந்துபோயிருக்கும். அன்தாங்கைப் பார்த்துவிட்டு வருவதால், டங்கனின் தோல் அரிப்பைப் பற்றிப் படிக்கும்போதே டிராகன் செதில் நம் கண்ணில் படுகிறது. நூலை ஒரு வரிசையில் படிக்க வேண்டும், பின்னர் வேறொரு வரிசையில் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று நாவலுக்குள் வரும் ஆசிரியரே சொல்கிறார். பெரிய சுவரோவியத்தை நாம் பார்ப்பதும் அப்படித்தானே. இடது ஓரத்திலிருந்து வரிசையாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. ஓங்கி நிற்கும் ஏதோ ஓர் உருவம் கண்ணை இழுக்கும். அங்கிருந்து நாம் முன்னும் பின்னும் நகர்வோம்.

ஆசிரியர் நாவலுக்குள் வருகிறார் என்றேன். இடம் மாறி நிற்கும் அந்தப் பின்னுரையில்தான் லானார்க் தன்னைப் படைத்தவனைச் சந்திக்கிறான். படைத்தவன் ஒரு குழப்பவாதி. கதையை எப்படி முடிப்பது என்று அவனுக்கே உறுதியில்லை. கதாநாயகன் அவனோடு சண்டை பிடிக்கிறான். இந்த உரையாடலின் ஓரமாக, பக்க விளிம்பில், ‘திருட்டுகளின் அட்டவணை’ ஒன்று ஓடுகிறது. எந்தெந்த எழுத்தாளரிடமிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டார் என்று அகரவரிசையில் பட்டியல் போடுகிறார் கிரே. நம்பி வாசித்துக்கொண்டே போனால், நூலிலேயே இல்லாத அத்தியாயங்களுக்கும் குறிப்புகள் இருப்பது தெரியவரும். விமர்சகர்கள் கண்டுபிடித்து எழுத வேண்டியதை அவரே முந்திக்கொண்டு எழுதிவிட்டார், அதிலும் கொஞ்சம் பொய் கலந்து.

ஒவ்வொரு பாகத்துக்கும் முகப்புப் படம் உண்டு. நான்காம் பாகத்தின் முகப்பு, 17ஆம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் ஹாப்ஸின் ‘லெவியதான்’ நூலில் இருந்த புகழ்பெற்ற படத்தைத் தழுவியது: எண்ணற்ற மனிதர்கள் சேர்ந்து உடலாக அமைந்த ஓர் அரசன் நாட்டின் மேல் எழுந்து நிற்கிறான். கிரேயின் படத்தில் அவன் காலடியில் விரிந்து கிடப்பது ஸ்காட்லாந்து. மனிதர்களைத் தின்று வாழும் நிர்வாகங்களைப் பற்றிய ஒரு பாகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர் ஓர் அத்தியாயத்தையே தவறவிடுகிறார் என்று சொல்வேன்.

நாவலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் இடம் ஒன்று உண்டு. டங்கனும் அவன் நண்பனும் நகரத்தைப் பார்த்தபடி பேசுகிறார்கள். கிளாஸ்கோ அற்புதமான நகரம். ஆனாலும் அது ஏன் நம் கண்ணில் படுவதில்லை என்பது பேச்சு. டங்கனின் பதில் இது: புளோரன்ஸுக்கோ பாரிஸுக்கோ லண்டனுக்கோ முதன்முறையாகப் போகிறவன்கூட அங்கே அந்நியன் இல்லை, ஏனென்றால் ஓவியங்களிலும் நாவல்களிலும் திரைப்படங்களிலும் அவன் ஏற்கெனவே அங்கே போய்வந்திருக்கிறான். கலைஞர்கள் கையாளாத நகரத்தில் அங்கே குடியிருப்பவர்கள்கூடக் கற்பனையில் வாழ்வதில்லை. கிளாஸ்கோ அவர்களுக்கு ஒரு வீடு, ஒரு வேலையிடம், ஒரு கால்பந்து மைதானம், சில மதுக்கூடங்கள், அவ்வளவுதான்.

கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டி, பிரிட்டிஷ் பேரரசின் இரண்டாம் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் அது. கிரே வளர்ந்த காலத்தில் ஆலைகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. பின்னர் பழைய பேட்டைகளை இடித்து நெடுஞ்சாலைகள் போட்டார்கள். ஊரைப் பற்றி வெளியே பரவியிருந்த பேச்சு சேரியும் கத்திக்குத்தும்தான். ‘லானார்க்’ வந்த பிறகு நிலைமை மாறியது. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி பர்ஜஸ், 1939க்குப் பிறகு ஆங்கிலத்தில் வெளிவந்த மிகச் சிறந்த 99 நாவல்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார். கிரேயோடு ஒரே எழுத்துப் பட்டறையில் இருந்த ஜேம்ஸ் கெல்மன், டாம் லெனர்ட், லிஸ் லாக்ஹெட் ஆகியோரும் தங்கள் ஊரின் பேச்சையும் வாழ்க்கையையும் கூச்சமின்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரே தனியாகச் சாதித்துவிட்டார் என்று சொல்வது தவறாகும். ஆனால் அவர்களில் ஊரை வரைந்தும் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

1964இல் தீட்டிய ‘ஐம்பதுகளில் கவ்கேடன்ஸ் வீதிக்காட்சி’ தன் பெரிய எண்ணெய் ஓவியங்களில் சிறந்தது என்று அவரே கருதினார். தெருக்கள் வளைந்து இரு பக்கமும் பிரிந்து ஓடுகின்றன. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் தெரிய முடியாத அளவுக்கு ஊர் விரிகிறது. பின்னர் அந்தப் பகுதியின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1977இல் கிளாஸ்கோவின் மக்கள் வரலாற்றுக்கான ‘பீப்பிள்ஸ் பேலஸ்’ அருங்காட்சியகம் அவரை நகரத்தின் ஓவியப் பதிவாளராக வேலைக்கு அமர்த்தியது. மறைந்துகொண்டிருந்த தெருக்களையும், அரசியல்வாதிகள் தொடங்கிச் சாதாரணத் தொழிலாளர்கள் வரை ஊர் மக்களையும் அவர் வரைந்தார். உறுதியான கறுப்புக் கோடு, உருவங்களின் விளிம்பு தெளிவாகத் தெரியும் வரைமுறை, நிழலுக்குப் பதில் தட்டையான நிறம் ஆகியவை அவர் பாணி. ஆங்கில ஓவியர்கள் வில்லியம் பிளேக்கையும் ஆப்ரி பியர்ட்ஸ்லியையும் சிறுவயதிலிருந்தே பார்த்துக் கற்றவர் என்பது கோட்டிலேயே தெரியும்.

தமிழ் வாசகர்கள் பலரும் கிரேயின் பெயரைக் கேள்விப்பட்டது ‘புவர் திங்ஸ்’ திரைப்படத்தின் வழியாகத்தான் இருக்கும். யார்கோஸ் லாந்திமோஸ் 2023இல் எடுத்த அந்தப் படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கமும், எம்மா ஸ்டோனுக்குச் சிறந்த நடிகை விருது உட்பட நான்கு ஆஸ்கர்களும் பெற்றது. மூல நாவல் 1992இல் வந்தது. விட்பிரெட் நாவல் விருதையும் கார்டியன் புனைவு விருதையும் வென்றது. விக்டோரியா காலத்து கிளாஸ்கோவில் காட்வின் பாக்ஸ்டர் என்ற மருத்துவர், ஆற்றில் விழுந்து இறந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு அவள் வயிற்றிலிருந்த குழந்தையின் மூளையைப் பொருத்தி உயிர் கொடுக்கிறார். அவள்தான் பெல்லா. ஊரைத் தவிர, இதுவரை படமும் நாவலும் ஒன்று.

ஆனால் படத்தில் இல்லாதது நாவலின் உயிர். நாவலில் இந்தக் கதையைச் சொல்பவர் பெல்லாவின் கணவர் மெக்கேண்ட்லெஸ். அவர் நூல் முடிந்ததும் விக்டோரியா என்று கையெழுத்திடும் பெல்லாவின் கடிதம் வருகிறது. கணவர் எழுதியது அத்தனையும் பொய், பழைய திகில் கதைகளிலிருந்து அள்ளிப் பூசியது, தான் சாதாரணமாகப் பிறந்து வளர்ந்த பெண், மருத்துவர் என்கிறாள். இவர்கள் இருவருக்கும் வெளியே ‘பதிப்பாசிரியர் அலஸ்டர் கிரே’ நின்று, கணவர் சொல்வதே உண்மை என்று முன்னுரையும் நீண்ட வரலாற்றுக் குறிப்புகளும் எழுதுகிறார். கையெழுத்துப் பிரதி கிளாஸ்கோவில் குப்பையிலிருந்து மீட்கப்பட்டதாம். மீட்டவராகச் சொல்லப்படுபவர் பீப்பிள்ஸ் பேலஸில் உண்மையாகவே வேலை பார்த்தவர். உள்ளே வரும் உருவப்படங்களை வரைந்தவர் வில்லியம் ஸ்டிராங் என்ற பழைய ஓவியர் என்கிறது நூல். உண்மையில் வரைந்தது கிரே.

ஆக, ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஆண்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். அவள் மறுத்தாலும் அடிக்குறிப்பு போட்டு அவள் வாயை அடைக்கிறார்கள். நாவலின் கூர்மை இங்கே இருக்கிறது. படம் மறுப்புக் கடிதத்தை விட்டுவிட்டது. கிளாஸ்கோவையும் விட்டுவிட்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அழகான படம்தான். ஆனாலும் தன் நகரத்தைக் கலைக்குள் கொண்டுவருவதற்காகவே வாழ்ந்தவரின் கதையில் அந்த நகரமே காணாமல் போனது எனக்கு உறுத்துகிறது. பெல்லாவின் உருவப்படத்துக்கு நூலில் கிரே இட்ட தலைப்பு ‘பெல்லா கலிடோனியா’. கலிடோனியா ஸ்காட்லாந்தின் பழைய லத்தீன் பெயர். ஊரை மாற்றினால் இந்த அடுக்கு முழுவதும் உதிர்ந்துவிடுகிறது.

கிரே எழுதியதெல்லாம் இந்தத் தரத்தில் இல்லை. பழைய நாடகங்களைக் குறுநாவல்களாக மாற்றி வெளியிட்டவை சில உண்டு. அவற்றில் அவசரம் தெரிகிறது. ‘1982, ஜனைன்’ (1984) வேறு ரகம். விடுதி அறையில் ஓரிரவு தனியாகக் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு பாதுகாப்புக் கருவி மேற்பார்வையாளனின் மனம்தான் முழு நாவலும். பாலியல் கற்பனைகள் வெளிப்படையாக வருகின்றன. அதனால் பலர் பாதியில் மூடிவைத்தார்கள். அவன் உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் இடத்தில் பக்கமே உடைகிறது. எழுத்துகள் பத்திகளாகப் பிரிந்து, சாய்ந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓட, ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் கடவுளின் குரல் கேட்கிறது. கிரே தன் நாவல்களில் சிறந்ததாகக் கருதியது இதைத்தான். நான் ‘லானார்க்’ பக்கம்தான் நிற்பேன். ஆனாலும் அந்தப் பக்கங்களை வேறு யாராலும் செய்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுவர்களை அவர் கடைசிவரை விடவில்லை. கிளாஸ்கோவின் மேற்குப் பகுதியில் ஓர் உணவகத்தின் சுவர்களில் சாப்பாட்டுக்கு ஈடாக வரைந்தார். 2003இல் பழைய கெல்வின்சைடு தேவாலயம் ‘ஓரான் மோர்’ என்ற மதுக்கூடமும் அரங்கமுமாக மாற்றப்பட்டபோது, அதன் உயர்ந்த கூரையில் ஆழ்ந்த நீல இரவு வானத்தையும் நட்சத்திர மண்டலங்களையும் தீட்டத் தொடங்கினார். பல ஆண்டுகள் அந்த வேலை தொடர்ந்தது. முன்பு அவர் வரைந்தது தேவாலயம் என்பதால் நிலைக்கவில்லை. இது மதுக்கூடமானதால் நிலைத்திருக்கிறது. 2012இல் ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையத்தில் நிக்கல் வீட்லியோடு சேர்ந்து பெரிய பீங்கான் ஓட்டுச் சித்திரம் அமைத்தார். சுற்றுவட்டாரத் தெருக்கள் பறவைப் பார்வையில் விரிந்திருக்கும் அதில், பிழைப்புக்கான அன்றாட ஓட்டம் சிறுவயதில் உணர்ந்த நம்பிக்கையையும் விடுதலையையும் மறக்கடித்துவிட வேண்டாம் என்ற பொருளில் ஒரு சிறு செய்யுளும் இருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்காகச் சிறு நூல்கள் எழுதினார். மேம்பட்ட ஒரு தேசத்தின் தொடக்க நாள்களில் வாழ்வதாக எண்ணி வேலை செய்யுங்கள் என்ற வாசகத்தைத் தன் நூல்களின் அட்டையில் பொறித்தார். இன்று அது எடின்பரோவில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. அது தன் சொந்தச் சரக்கு இல்லை, கனடாக் கவிஞர் டென்னிஸ் லீயின் வரிகளைத் தழுவியது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். திருட்டுகளுக்கு அட்டவணை போட்டவர் அல்லவா!

2015இல் விழுந்து முதுகெலும்பில் பலத்த அடிபட்டபின் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த நிலையிலும் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்தைத் தன் எளிய ஆங்கிலத்தில் ஆக்கினார். 2019 டிசம்பர் 29 அன்று, 85ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள் இறந்தார். உடலை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லியிருந்ததால் இறுதிச் சடங்கு நடக்கவில்லை. அந்தத் தாந்தே மொழிபெயர்ப்பின் மூன்றாம் பாகம் அடுத்த ஆண்டு வெளியானது. 2021 முதல், ‘லானார்க்’ வெளிவந்த பிப்ரவரி 25 அவர் வாசகர்களால் ‘கிரே நாள்’ என்று கொண்டாடப்படுகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர் ‘புவர் திங்ஸ்’ நாவலிலிருந்து தொடங்கலாம். கதை வேகமாக ஓடும். கிரேயின் விளையாட்டுகள் அனைத்தும் அளவாக அதில் உண்டு. கடிதத்தையும் குறிப்புகளையும் மட்டும் தவிர்த்துவிடக் கூடாது. பிறகு ‘லானார்க்’, அச்சிட்ட வரிசையிலேயே. ஓவியங்களுக்கு 2010இல் வந்த ‘எ லைஃப் இன் பிக்சர்ஸ்’ போதும். படங்களோடு தன் வாழ்க்கையையும் அவரே அதில் சொல்லிச் செல்கிறார். எதைப் படித்தாலும் அச்சு நூலாகவே வாங்குங்கள். மின்னூலில் எழுத்தின் அளவைத் திரை தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். விளிம்புக் குறிப்புகள் இடம் பெயர்ந்துவிடும். ‘1982, ஜனைன்’ நாவலின் உடைந்த பக்கங்கள் பழைய பிரதியில்கூட அவர் அமைத்தபடியே இருக்கும்.